பட்டு வாங்க ஸ்பெயின் கப்பல்கள் சீனாவுக்கே போனதாகச் சொல்வது சரியா?

ஸ்பெயின் கப்பல்கள் சீனத் துறைமுகங்களில் பட்டு ஏற்றி நேரே மெக்சிகோ போயின என்று வரைபடத்தோடு ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. அவை ஓடியது, அப்போது ஸ்பெயின் ஆண்ட பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகாபுல்கோ துறைமுகத்துக்கும் இடையே. பட்டையும் பீங்கானையும் மணிலாவில் இறக்கியவர்கள் சீனாவின் ஃபூஜியன் மாகாண வணிகர்கள்; அங்குள்ள யுவேகாங் துறைமுகத்திலிருந்து தங்கள் சொந்த மரக்கலங்களில் வந்தவர்கள். யுவேகாங் அதற்கு முன்பே கள்ளக்கடத்தலுக்குப் பேர்போன ஊர். சீனாவை ஆண்ட மிங் அரசு 1567இல் கடல் வணிகத் தடையைத் தளர்த்தி உரிமம் கொடுத்ததும், கடத்தல்காரர் பலர் வியாபாரி ஆகிவிட்டார்கள்!

ஸ்பானியர் மட்டும் யோக்கியமா? ஆண்டுக்கு 2 கப்பல், சரக்கை விற்று மெக்சிகோவிலிருந்து மணிலாவுக்குத் திரும்பி வரும் வெள்ளி 5,00,000 பெசோ (ஸ்பானிய வெள்ளி நாணயம்) என்று 1593இல் ஸ்பெயின் மன்னர் வரம்பு வைத்தார். கணக்கில் காட்டாத வெள்ளி அதையும் மீறி வந்தது. 1598இல் சீனாவின் காண்டன் (இன்றைய குவாங்சோ) அருகே எல் பினால் என்ற இடத்தில் ஸ்பானியர் கடை விரித்தது உண்மைதான், அது நிலைக்கவில்லை.