சுவர் மாறவில்லை, சரி, விளக்கு?
பழைய தானியக் களஞ்சியத்தை வீடாக்கும்போது வெளிச்சுவரைத் தொடாவிட்டால் பக்கத்துத் தொல்சின்னத்துக்குப் பாதிப்பே இல்லை என்கிறது இந்தக் கட்டுரை. அப்படி முடித்துவிட முடியாது. இங்கிலாந்தில் கற்கால மனிதர்கள் பெருங்கற்களை நட்டுவைத்த ஏவ்பரி கல்வட்டத்துக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். அங்கே 17ஆம் நூற்றாண்டுக் களஞ்சியம் ஒன்று இன்று அருங்காட்சியகம். வேய்ந்த கூரை, தலைக்கு மேலே கறுத்த உத்தரங்கள், பாதி இருட்டு. கண்ணை உறுத்தவே இல்லை, காரணம் பெரிய கார் நிறுத்தத்தை ஊருக்கு வெளியே வைத்திருக்கிறார்கள். அதே கட்டடம் குடியிருப்பாகியிருந்தால் வாசலில் இரண்டு கார், துணிக்கொடி, கூரையில் கண்ணாடி ஜன்னல், ராத்திரி முழுக்க விளக்கு. சுவர் என்னவோ அப்படியேதான் இருக்கும்! அங்கே தொல்சின்னப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் வழிகாட்டியும் தொல்சின்னத்தின் சூழல் என்றால் கண்ணில் படும் காட்சி மட்டுமல்ல, சத்தம், தூசி, அதிர்வு எல்லாம் சேர்த்துத்தான் என்கிறது. அப்புறம் கழிவுநீர்க் குழாய்க்குத் தோண்டும் பள்ளம். மண்ணுக்கடியில் புதைந்திருக்கும் தொல்லெச்சம் தொல்சின்னத்தின் வேலிக்கு அந்தப் பக்கம் மட்டும்தான் என்று யார் சொன்னது? எதையும் மாற்றவிடாவிட்டால் களஞ்சியம் இடிந்தே போகும் என்று மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் எழுதியிருக்கிறார். நியாயம்தான், நானும் மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. பாதிப்பை மதிப்பீடு செய்ய வருபவர் பகலில் நாலு போட்டோ எடுத்ததோடு கிளம்பாமல், இருட்டிய பிறகும் அந்தத் தொல்சின்னத்துக்கு நடுவே நின்று பார்க்கட்டும்.