கொத்தனார் பெயரையும் கூப்பிடுங்கள்

துக்காச்சி ஆபத்சகாயேசுவரர் கோயிலுக்கு 2024இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தபோது எங்கள் கும்பகோணம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு நாள் ஒரே கொண்டாட்டம். சோழர் காலக் கோயில், இடிந்து கிடந்தது, பழைய முறையிலேயே எடுத்துக் கட்டினார்கள், பெருமைதான். 2017இல் ஸ்ரீரங்கத்துக்கும் இதே விருது வரிசையில் ஒன்று வந்தது. சரி, கோயிலைப் பார்க்க ஆள் இருக்கிறது. அந்தக் கோயிலைச் சுற்றி இருக்கிற நாலு தெரு வீடுகளை யார் பார்ப்பது? திண்ணையை இடித்து ஷட்டர் போடாமல், கைக்காசு போட்டு வீட்டைச் செப்பனிட்டவருக்கு நகராட்சியோ மாநகராட்சியோ வருஷம் ஒரு விருது கொடுத்தால் என்ன, ஒரு சால்வை, ஒரு சான்றிதழ், வீட்டு வரியில் கொஞ்சம் தள்ளுபடி?

சொந்தக் கதை ஒன்று. மன்னார்குடி பக்கம் எங்கள் பாட்டி வீடு, நாட்டு ஓடு, முற்றம், இரட்டைத் திண்ணை. சுவர் உதிர்கிறதே என்று 2011இல் ஒரு காண்ட்ராக்டரைக் கூப்பிட்டோம். சிமெண்டால் பூசி, பளிச்சென்று பெயிண்ட் அடித்துக் கொடுத்தார். பொங்கலுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஆகா என்றார்கள். அந்த ஐப்பசியிலேயே திண்ணைக்கு மேலே ஒரு முழ உயரத்துக்குச் சுவர் அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டது. பெயர்த்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்பு, செங்கல் மாவாகக் கொட்டுகிறது. எங்கள் மண்ணில் ஈரம் அடியிலிருந்து சுவரில் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டுவிடும், சிமெண்ட் உள்ளேயே அடைத்து வைத்துச் செங்கல்லைத் தின்ன வைக்கும்.

அப்புறம் பக்கத்து ஊர்க் கொத்தனார் ஒருவர் வந்தார், அப்போதே எழுபதைத் தொட்டவர். சிமெண்டைக் கொத்தி எடுக்கவே பதினெட்டு நாள். சுண்ணாம்பை ஊற வைத்து, கடுக்காயும் வெல்லமும் போட்டுப் புளிக்க விட்ட தண்ணீரை ஊற்றி அரைத்தார், தெருவே கள்ளுக்கடை மாதிரி நாறுகிறது என்று சித்தி ஒரு வாரம் சண்டை. "அவசரப்பட்டா வெடிச்சுடும் தம்பி" என்று ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே எங்களைக் காக்க வைத்தார். 2018 கஜா புயலில் ஓடு பாதி பறந்தது. சுவர் அப்படியே நின்றது.

அதனால்தான் சொல்கிறேன், விருதைப் பெயிண்ட் வாசனை போவதற்குள் கொடுக்காதீர்கள். மூன்று ஐப்பசி மழை தாங்கட்டும், அதற்கப்புறம் வந்து சுவரைத் தட்டிப் பாருங்கள். பழைய வீட்டுக்கு மட்டும்தான் என்றும் வேண்டாம், புதிதாகக் கட்டும்போது காற்று வர முற்றம் விட்டவரும் வரட்டும், மழைநீர்த் தொட்டியைக் கணக்குக் காட்ட இல்லாமல் நிஜமாகவே வைத்தவரும் வரட்டும் (2003இலிருந்து கட்டாயம், எத்தனை வீட்டில் குழாய் சும்மா தொங்குகிறது என்று உங்களுக்கே தெரியும்). கொடுக்கிறவர்களுக்கும் ஒரு நிபந்தனை உண்டு, ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு எங்கள் திண்ணைகளைத் தெரு மட்டத்துக்கு இறக்குவதை முதலில் நிறுத்துங்கள்.

விருது கொடுத்தால் வீடு நின்றுவிடுமா என்று தம்பி கேட்கிறான். நிற்காது. நாலு அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் எந்தச் சான்றிதழும் காப்பாற்றாது. ஆனால் எனக்கு வீட்டைவிடக் கொத்தனார் கவலைதான் பெரிது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் பெயர் இருக்கிறது, நாவிதர் பெயர்கூட இருக்கிறது. இன்றைக்குக் கும்பாபிஷேகக் கல்லில் உபயதாரர் பெயர் மட்டும்தான். எங்கள் கொத்தனாரின் பேரன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். தாத்தா வேலையில் என்ன மரியாதை கிடைக்கிறது என்று கேட்டான், என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஆகஸ்ட் 15க்கு எப்படியும் மேடை போடுவீர்கள். வீட்டுக்காரரோடு கொத்தனார் பெயரையும் மைக்கில் கூப்பிடுங்கள். எங்கள் கொத்தனாருக்கு முட்டி வலி, படி ஏற மாட்டார். சால்வையைக் கீழே இறங்கி வந்து போடுங்கள்.