வேகம் கூடிய தோட்டா என்றால் அழுத்தமும் கூடியதுதானா?

‘அமெரிக்கத் தோட்டா நிறுவனமான ஹார்னடியின் சூப்பர்பார்மன்ஸ் தோட்டா கூடுதல் வேகம் தருவது அழுத்த வரம்பை மீறித்தான், துப்பாக்கி வெடித்துவிடும்’ என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

.30-06 என்ற ரைஃபிள் தோட்டா ரகத்துக்கு அமெரிக்கத் தர வரம்பு சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. அது உச்ச அழுத்தத்துக்கான வரம்பு. குண்டு குழலுக்குள் சில சென்டிமீட்டர் நகர்வதற்குள் அந்த உச்சம் வந்து போய்விடும். வேகத்தைத் தீர்மானிப்பதோ குழலின் முழு நீளத்திலும் கிடைக்கும் மொத்தத் தள்ளல். வழக்கமான வெடிமருந்தில் உச்சத்துக்குப் பின் அழுத்தம் சட்டென்று சரியும். சூப்பர்பார்மன்ஸில் மருந்து நிதானமாக எரிந்து, சரிவைத் தாமதப்படுத்துகிறது. உச்சம் அதேதான்.

150 கிரெய்ன் (சுமார் 9.7 கிராம்) எடையுள்ள குண்டுக்கு அறிவிக்கப்பட்ட வேகம், வழக்கமான தோட்டாவில் வினாடிக்குச் சுமார் 887 மீட்டர், இதில் 939. கேட்க அற்பம், ஆற்றலோ 12 சதவீதம் அதிகம். 24 அங்குலக் குழலில் அளந்த கணக்கு இது. குழல் குட்டையானால் ஆதாயமும் சுருங்கும்.

வதந்தியில் பாதி உண்மை வேறிடத்தில் இருக்கிறது. சாதாரண மருந்தையே கூடுதலாக அடைத்தால் உச்சம் ஏறும். அது நிஜமாகவே ஆபத்து. அதேபோல, தாமதமாகச் சரியும் அழுத்தம், வாயுவால் இயங்கும் துப்பாக்கிகளின் வாயுத் துளையில் பலமாக இறங்கும். வாயுவால் இயங்கும் பழைய அமெரிக்க ராணுவத் துப்பாக்கியான எம்1 கேரண்டில் வெடிப்பது தோட்டா இருக்கும் அறையல்ல, வளைவது அடுத்த தோட்டாவை ஏற்றும் இயக்கத் தண்டு. கையால் இயக்கும் போல்ட் துப்பாக்கிக்கு இந்தச் சிக்கலே கிடையாது.