45 ஆட்டங்கள் மட்டுமா வில்லி ஓ'ரீ?

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 18 வந்தால் ஐஸ் ஹாக்கி ரசிகர்கள் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைப் பகிர்கிறார்கள். தலைக்கவசம் இல்லாத இளைஞர், கையில் மட்டை, பாஸ்டன் புரூயின்ஸ் சட்டை. 'என்.எச்.எல். தொடரில் ஆடிய முதல் கறுப்பின வீரர் வில்லி ஓ'ரீ, 1958' என்று ஒரு வரி. (என்.எச்.எல். என்பது வட அமெரிக்காவின் முதன்மையான ஐஸ் ஹாக்கித் தொடர்.) கீழே வரிசையாகக் கைதட்டல் குறிகள். மறுநாள் அவரை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு அடுத்த ஜனவரி வரை மறந்துவிடுகிறோம்.

இந்த முறை அப்படி ஒரு பதிவின் கீழே நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்: "மொத்தம் 45 ஆட்டம், 4 கோல். 'முதல்' என்ற பட்டம் இல்லாவிட்டால் இவரை யார் நினைப்பார்கள்?" சுருக்கென்று இருந்தது. அங்கேயே பதில் எழுத ஆரம்பித்தேன். நீண்டுகொண்டே போனதால் இங்கே எழுதுகிறேன்.

அந்த 'முதல்' என்ற சொல்லோடு எனக்கும் நெடுநாள் சண்டை உண்டு. சொல் பொய்யில்லை. ஆனால் 21 ஆண்டுகள் ஆடிய ஒருவரை அது ஒரே இரவுக்குள் அடைத்துவிடுகிறது. அந்த இரவில் பெரிதாக ஒன்றும் நடக்கவும் இல்லை. மாண்ட்ரியல் போரம் அரங்கில் மாண்ட்ரியல் கனேடியன்ஸ் அணியைப் புரூயின்ஸ் 3-0 என்று வென்றது. ஓ'ரீ கோல் அடிக்கவில்லை. கியூபெக் ஏசஸ் என்ற கீழ்நிலை அணியிலிருந்து ஆள் குறைக்கு அழைக்கப்பட்டவர், இரண்டே ஆட்டங்கள் ஆடிவிட்டுக் கியூபெக்குக்கே திரும்பினார். தான் ஒரு தடையை உடைத்திருக்கிறோம் என்பதே மறுநாள் பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரிந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

என்னைக் கேட்டால், கதை அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

1955-56 பருவம். கனடாவின் பிரெடெரிக்டன் நகரத்தில் 13 பிள்ளைகள் பிறந்த வீட்டின் கடைக்குட்டி, ஒண்டாரியோ மாகாணத்தில் கிச்சனர் அணிக்காக ஜூனியர் ஹாக்கி ஆடுகிறான். இருபது வயது. எதிரணியின் கோல் வாசலில் நிற்கிறான். தூரத்திலிருந்து ஓங்கி அடிக்கப்பட்ட பக், வழியில் ஒரு மட்டையில் பட்டுத் திசைமாறி நேராக முகத்துக்கு வருகிறது. பக் என்பது கெட்டி ரப்பர் வட்டு. ஓர் அங்குலத் தடிமன், மூன்று அங்குல அகலம், கிட்டத்தட்ட 170 கிராம். பனியில் சில்லிட்டுக் கல்லாகிப்போனது. மூக்கும் கன்னத்து எலும்பும் உடைந்தன. வலது கண்ணின் பார்வையில் 95 சதவீதம் போயிற்று. இனி நீ ஹாக்கி ஆட முடியாது என்றார் மருத்துவர்.

எட்டே வாரங்களில் அவன் மீண்டும் பனித்தரையில் நின்றான். கண் போன விஷயம் வீட்டில் ஓர் அக்காளுக்குத்தான் தெரியும். பெற்றோரிடம்கூடச் சொல்லவில்லை. பயிற்சியாளர், சக வீரர் எவரிடமும் மூச்சு விடவில்லை. காரணம் எளிது: ஒரு கண் பார்வை இழந்தவர் என்.எச்.எல். தொடரில் ஆடக்கூடாது என்று விதி இருந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் ஜனவரி 18 என்று ஒரு நாளே கிடையாது. நல்லவேளையோ கெட்டவேளையோ, யாரும் அவரைக் கண் பரிசோதனைக்கு உட்கார வைக்கவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு ஓர் அசட்டு ஆசை வந்தது. வலது கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு டென்னிஸ் பந்தைச் சுவரில் எறிந்து பிடித்துப் பார்த்தேன். பத்து முறையில் நான்கு முறைதான் கைக்கு வந்தது. வலப்பக்கமாக வந்த பந்துகள் எங்கிருந்தோ முளைத்தவை போலக் காதருகே பறந்தன. கைக்கு எட்டும் என்று நினைத்தது எட்டவில்லை. எட்டாது என்று நினைத்தது மார்பில் பட்டது. நான் நின்ற இடத்தில் நின்றுகொண்டிருந்தேன், சுவர் என்னை இடிக்க ஓடி வரவும் இல்லை. ஓ'ரீ ஸ்கேட்டில் முழு வேகத்தில் போகிறவர். அவரை மோதித் தள்ளுவதுதான் எதிரணியின் தொழிலே.

அதிலும் அவர் ஆடிய இடத்தைக் கவனியுங்கள். இடப்பக்க முன்கள வீரர். இடது விளிம்பை ஒட்டிப் போகும்போது மைதானம் முழுவதும் அவருக்கு வலது கைப்பக்கம். பக் வருவது அங்கிருந்து, இடிக்க வருகிறவனும் அங்கிருந்து. பார்வை இல்லாத பக்கமும் அதுவே. ஒவ்வொரு முறையும் கழுத்தை முழுதாகத் திருப்பி இடது கண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினால்தான் பக் தெரியும். தெரியாததை விடு, தெரிவதைப் பார் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாராம். அந்த 4 கோல்களும் இப்படிக் கழுத்தைத் திருப்பி ஆடிய காலத்தில் அடித்தவை. அவற்றில் முதல் கோல் 1961 புத்தாண்டு நாளில், அதே மாண்ட்ரியல் கனேடியன்ஸுக்கு எதிராக, ஆட்டத்தை வென்று தந்த கோல். நண்பர் எண்ணிக்கையைச் சொன்னார், சரி. எத்தனை கண்ணால் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

மறைத்தது சரியா என்று கேட்டால் எனக்குத் தெளிவான பதில் இல்லை. அந்த விதி கெட்ட எண்ணத்தில் வந்ததில்லை. இருக்கிற ஒரு கண்ணும் போனால் ஆள் குருடாகிவிடுவாரே என்ற கவலையில் வந்தது. என் பிள்ளை இப்படிச் செய்தால் மட்டையைப் பிடுங்கி வைத்துவிடுவேன். ஆனாலும் ஓ'ரீயைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் தோலின் நிறத்தைக் காட்டிக் கதவை மூடக் காத்திருந்தவர்கள் ஏராளம். அவர்கள் கையில் மருத்துவச் சான்றிதழையும் அவரே எடுத்துக் கொடுக்க வேண்டுமா?

காத்திருந்தார்கள் என்று சும்மா சொல்லவில்லை. ஹெர்ப் கார்னகி என்று ஒரு கறுப்பின ஹாக்கி வீரர். டொராண்டோவில் பிறந்தவர், பெற்றோர் ஜமைக்காவிலிருந்து வந்தவர்கள். 1940களில் கியூபெக் மாகாண ஆட்டங்களில் கொடிகட்டிப் பறந்தார். 1948இல் என்.எச்.எல். அணியான நியூயார்க் ரேஞ்சர்ஸ் அவரைத் தேர்வுக்கு அழைத்துவிட்டு, கீழ்நிலை அணியில் இடம் தருவதாகச் சொன்னது. அதுவும் அவர் ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்ததைவிடக் குறைந்த சம்பளத்துக்கு. முடியாது என்று வந்துவிட்டார். 'முதல்' என்று படம் பகிர்கிறவர்கள், முதலாக விடப்படாதவர்களையும் நினைத்தால் தேவலை.

ஓ'ரீ பேஸ்பாலும் நன்றாக ஆடுவார். 1956இல் மில்வாக்கி பிரேவ்ஸ் அணியின் பயிற்சி முகாமுக்கு அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் வேகிராஸ் ஊருக்குப் போனார். வெள்ளையருக்கு ஒரு கழிப்பறை, கறுப்பருக்கு ஒன்று என்ற பலகைகளை அங்கேதான் கண்ணால் பார்க்கிறார். தேர்வாகவில்லை. ஊர் திரும்பப் பஸ்ஸில் ஐந்து நாள். ஏறும்போது கடைசி இருக்கை. வண்டி வடக்கே போகப் போக ஒவ்வொரு வரிசையாக முன்னால் நகர்ந்து, கனடாவை அடையும்போது முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாராம். இனி பேஸ்பால் வேண்டாம், ஹாக்கிதான் என்று அந்தப் பஸ்ஸில்தான் முடிவு செய்திருக்கிறார். அவர் சொன்னவற்றில் எனக்கு மறக்கவே முடியாதது இந்தப் பஸ் பயணம்.

ஹாக்கி மட்டும் என்ன வாழ்ந்தது! 1960-61 பருவத்தில் புரூயின்ஸுக்காக 43 ஆட்டங்கள் ஆடினார். சிகாகோவில் எதிரணி வீரர் ஒருவர் இழிசொல் சொல்லி, மட்டையின் முனையால் வாயில் குத்தினார். முன்பற்கள் இரண்டு போயின, மூக்கு உடைந்தது. ஓ'ரீயும் விடவில்லை, திருப்பி அடித்தார். திறமை இல்லை என்றால் போகிறேன், ஏச்சுக்குப் பயந்து போகமாட்டேன் என்று உறுதி எடுத்துக்கொண்டார்.

பருவம் முடிந்ததும் அடுத்த ஆண்டும் நீ இருக்கிறாய் என்று புரூயின்ஸ் நிர்வாகம் சொல்லி அனுப்பியது. சில வாரங்களில் மாண்ட்ரியல் அணிக்கு மாற்றப்பட்டார் என்று தகவல் வந்தது. 1956 முதல் 1960 வரை தொடர்ந்து ஐந்து முறை ஸ்டான்லி கோப்பையை, அதாவது என்.எச்.எல். வெற்றிக்கோப்பையை, வென்ற அணி அது. அங்கே அவருக்கு எங்கே இடம்? சில மாதங்களில் லாஸ் ஏஞ்சல்ஸ் பிளேட்ஸ் அணிக்குக் கைமாறினார். வெஸ்டர்ன் ஹாக்கி லீக், அதாவது அக்காலத்து இரண்டாம் நிலைத் தொழில்முறைத் தொடர். (இன்று அதே பெயரில் இருப்பது ஜூனியர் தொடர், குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

அங்கேதான் அந்தத் திருப்பம். பயிற்சியாளர் அவரை வலப்பக்கத்துக்கு மாற்றினார். கண் விஷயம் தெரிந்து மாற்றவில்லை, அணியின் தேவைக்காக மாற்றினார். இப்போது மைதானம் முழுவதும் ஓ'ரீயின் இடது கைப்பக்கம். நல்ல கண் இருக்கும் பக்கம். கழுத்தைத் திருப்ப வேண்டியதில்லை. 1964-65இல் 38 கோல்கள். பிறகு சான் டியாகோ கல்ஸ் அணிக்காக 1968-69இல் மறுபடி 38 கோல்கள், வயது 33.

என் கோபம் இங்கேதான். 1958இல் என்.எச்.எல். தொடரில் மொத்தம் ஆறே அணிகள். இடம் இல்லை என்றால் ஒப்புக்கொள்ளலாம். 1967இல் அது பன்னிரண்டாயிற்று. ஒரே ஆண்டில் ஆறு அணிகளுக்கு ஆள் தேடினார்கள். அதன் பிறகு ஒரு பருவத்தில் 38 கோல் அடித்தவரை ஒருவரும் அழைக்கவில்லை. வயதைக் காரணம் சொல்லலாம். ஆனால் 1961இல் ஓ'ரீ வெளியேறிய பின், 1974இல் வாஷிங்டன் கேப்பிடல்ஸ் அணிக்கு மைக் மார்சன் வரும்வரை, அந்தத் தொடரில் கறுப்பின வீரர் ஒருவர்கூட ஆடவில்லை. பதின்மூன்று ஆண்டுகள்! 'தடையை உடைத்தார்' என்று எழுதுகிறோமே, உடைந்த தடையை யாரோ ராவோடு ராவாக ஒட்டி வைத்துவிட்டார்கள்.

2018இல் ஹாக்கி புகழ்மண்டபத்தில் அவரைச் சேர்த்தார்கள். வீரர் என்ற பிரிவில் இல்லை, விளையாட்டை வளர்த்தவர் என்ற பிரிவில். 1990களின் பிற்பாதியிலிருந்து என்.எச்.எல். சார்பில் ஊர் ஊராகப் போய்ச் சிறுவர்களை ஸ்கேட் கட்ட வைத்தார் என்பதால் அது பொருத்தம்தான். அதற்கு முன்னால் சான் டியாகோவில் ஒரு ஹோட்டலில் பாதுகாப்புப் பணியில் இருந்தார். எத்தனை விருந்தினர் அவரிடம் வழி கேட்டுவிட்டுப் போயிருப்பார்களோ!

2022 ஜனவரி 18 அன்று புரூயின்ஸ் அவருடைய 22ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று அரங்கின் கூரையில் ஏற்றியது. அவர் அந்த அணிக்குக் கடைசியாக ஆடிக் கிட்டத்தட்ட 61 ஆண்டுகள் ஆகியிருந்தன. வயது 86. பெருந்தொற்றுக் காலம் என்பதால் பாஸ்டனுக்கு வர முடியவில்லை. சான் டியாகோ வீட்டிலிருந்தபடி திரையில் தோன்றி நன்றி சொன்னார்.

நண்பருக்கு என் பதில் இதுதான்: அவர் ஆடியது 45 ஆட்டங்கள் இல்லை. 43 வயதுவரை ஆடினார். கடைசியாக ஸ்கேட்டைக் கழற்றியது 1979இல், அதே சான் டியாகோவில்.