‘சாச்சுரேஷன் எவ்வளவு சார்?’

புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் எந்த ஆஸ்பத்திரி ஐசியூ வாசலில் நின்றாலும் முதலில் காதில் விழுகிற கேள்வி இதுதான். ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று சொல்கிற எண். கொரோனா வீட்டுக்கு வீடு கற்றுக்கொடுத்துவிட்டுப் போன வார்த்தை. 98 என்றால் வாசலில் ஒரு பெருமூச்சு. 89 என்றால் "வேற எங்கயாவது கொண்டுபோயிடலாமா" என்று போன் பறக்கும். சொந்தக்காரர்களைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. உள்ளே வேலை பார்ப்பவர்களுக்கும் இதே வியாதிதான். மானிட்டரில் எண் சரியானால் கால் தானாக அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடும்.

மயக்கவியலிலும் தீவிர சிகிச்சையிலும் கடந்த 25 ஆண்டுகளில் வந்த பெரிய ஆய்வுகளைப் புரட்டினால் ஒரே விஷயம் திரும்பத் திரும்பத் தலையில் குட்டுகிறது. எண் தேறியது, ஆள் தேறவில்லை.

2000-இல் வெளியான ஏஆர்டிஎஸ் ஆய்விலிருந்து தொடங்கலாம். நிமோனியா, செப்சிஸ் (உடம்பு முழுவதையும் பாதிக்கும் கடும் தொற்று) போன்றவற்றால் நுரையீரல் நீர் கோத்து, நனைந்த பஞ்சு மாதிரி கனத்து விறைத்துவிடும் நிலைதான் ஏஆர்டிஎஸ். வென்டிலேட்டரில் இருந்த 861 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஒவ்வொரு மூச்சுக்கும் கிலோவுக்கு 12 மி.லி. காற்று, மறு பாதிக்கு 6 மி.லி. முதல் சில நாட்களில் ரத்த ஆக்சிஜன் யாருக்கு நன்றாக இருந்தது? 12 மி.லி. வாங்கியவர்களுக்கு. யார் அதிகம் இறந்தார்கள்? அவர்களேதான். 39.8 சதவீதம். 6 மி.லி. கூட்டத்தில் 31 சதவீதம். விறைத்த நுரையீரலில் காற்று புகக்கூடிய இடம் ஒரு சிறு குழந்தையின் நுரையீரல் அளவுக்குத்தான் மிஞ்சியிருக்கும். பெரியவருக்கான காற்றை முழுசாக அதற்குள் தள்ளினால் எண் ஏறும், நல்ல பகுதியும் சேர்ந்து கிழியும்.

இதில் எல்லாரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. ‘கிலோவுக்கு’ என்றால் எந்தக் கிலோ? தராசு காட்டும் கிலோ இல்லை. உடம்பு பெருத்தால் நுரையீரல் பெருக்காது. அது உயரத்தைப் பொறுத்தது. ஆணுக்கு 50, பெண்ணுக்கு 45.5 என்று வைத்துக்கொண்டு, உயரத்தில் 152.4 செ.மீ.க்கு மேலுள்ள ஒவ்வொரு செ.மீ.க்கும் 0.91 கூட்ட வேண்டும், குறைந்தால் கழிக்க வேண்டும். 150 செ.மீ. உயரம், 80 கிலோ எடையுள்ள ஒரு அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குப்படி அவருடைய எடை 43.3 கிலோ. 6 மி.லி. வீதம் ஒரு மூச்சுக்கு 260 மி.லி. ஆனால் ‘பெரிய உடம்பு’ என்று பார்த்த கண், கைப்பழக்கத்தில் 500 வைத்துவிடும். 500-ஐ 43.3-ஆல் வகுத்தால் 11.5. அதாவது அந்த ஆய்வில் அதிகம் பேர் இறந்த பக்கத்துக்கே அந்த அம்மாவைக் கொண்டுபோய்ச் சேர்த்தாகிவிட்டது. சாச்சுரேஷன் 98 காட்டும். வாசலில் எல்லாருக்கும் சந்தோஷம்.

உயரத்தை ‘என் உயரம் இருப்பாரு சார்’ என்று மகனிடம் கேட்டு எழுதுவது போதாது. தையல்காரர் டேப் ஒன்று போதும். கட்டிலைச் சமமாக்கி, உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை. முட்டி மடங்கிக் கிடந்தால் முழங்கை நுனியிலிருந்து மணிக்கட்டு எலும்பு வரை அளந்து அட்டவணை பார்க்கலாம். அளந்ததை கேஸ் ஷீட்டின் ஓரத்தில் அல்ல, வென்டிலேட்டரிலேயே பிளாஸ்டர் ஒட்டி எழுதிவைக்க வேண்டும். பிறகு மூச்சு உள்ளே போன முடிவில் அரை நொடி நிறுத்தி, அப்போது நுரையீரலுக்குள் நிற்கிற அழுத்தம் (பிளாட்டோ அழுத்தம்) 30 செ.மீ. தண்ணீர் என்ற அளவைத் தாண்டாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காற்றைக் குறைத்தால் கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் ஏறும். மூச்சு எண்ணிக்கையை நிமிடத்துக்கு 35 வரை கூட்டிச் சமாளிக்கலாம். இன்னொரு சிக்கல், காற்று போதாமல் நோயாளி தவித்து ஒரு மூச்சு முடியும் முன்பே அடுத்ததை இழுப்பார். இரண்டும் சேர்ந்து உள்ளே 260 அல்ல, 520 போகும். அமைத்த எண்ணைப் பார்த்தால் இது தெரியாது, வென்டிலேட்டர் திரையில் ஓடும் அலைவரைவைப் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்தது குப்புறப் படுக்க வைப்பது. 2013-இல் வந்த பிரெஞ்சு, ஸ்பானிய ஆய்வில் 466 பேர். கடுமையான ஏஆர்டிஎஸ், அதாவது ரத்த ஆக்சிஜன் அழுத்தத்தை, கொடுக்கிற ஆக்சிஜனின் பங்கால் வகுத்தால் 150-க்குக் கீழ். அழுத்தம் 72, கொடுப்பது 60 சதவீதம் என்றால் 72 வகுத்தல் 0.6, விடை 120. இவர் அந்தக் கணக்கில் வருவார். ஒரு தடவைக்குக் குறைந்தது 16 மணி நேரம் குப்புறக் கிடந்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தது 16 சதவீதம், மல்லாந்தே கிடந்தவர்களில் 32.8. வேடிக்கை என்னவென்றால், குப்புறப் போட்டதும் ஆக்சிஜன் ஏறியவர்கள்தான் பிழைத்தார்கள் என்றில்லை. ஏறாதவர்களுக்கும் அந்தப் பலன் இருந்தது என்று பின்னர் அதே தரவை அலசியபோது தெரிந்தது. ‘திருப்பிப் பார்த்தோம், சாச்சுரேஷன் ஏறல, மறுபடி மல்லாத்திட்டோம்’ என்பது அதனால்தான் தப்பு.

புது மெஷின் எதுவும் வேண்டாம், ஐந்து ஜோடிக் கை வேண்டும். தலைமாட்டில் நிற்பவர் மயக்க டாக்டர். மூச்சுக்குழாய்க்குள் போட்ட டியூபைப் பிடித்திருக்கும் அவர் எண்ணச் சொன்னால்தான் மற்றவர்கள் அசைய வேண்டும். டியூப் உதட்டில் எத்தனை செ.மீ.யில் இருக்கிறது என்று முதலிலேயே சத்தமாகச் சொல்ல வேண்டும். மூக்குக் குழாய் உணவை ஒரு மணி நேரம் முன்பே நிறுத்தி, வயிற்றில் மிச்சம் இருப்பதை உறிஞ்சி எடுக்க வேண்டும். கண்ணுக்குக் களிம்பு போட்டு மூடி டேப் ஒட்டவில்லை என்றால் கருவிழி புண்ணாகிவிடும். நெஞ்சுக்கும் இடுப்புக்கும் அடியில் தலையணை, வயிறு தொங்கலாக. தலையை இரண்டு மணிக்கொரு முறை மறுபக்கம் திருப்ப வேண்டும். கை ஒரே நிலையில் இழுபட்டுக் கிடந்தால் பிழைத்து எழுந்த பிறகு தோள் தூக்க வராது. திருப்பிய முதல் பத்து நிமிடத்தில் சளி இளகி டியூபை அடைக்கும். அதை உறிஞ்சுகிற சக்ஷன் கையிலேயே இருக்க வேண்டும். கண்ணாடி வழியாகப் பார்க்கிற வீட்டார் "பொணத்தைப் போட்ட மாதிரி போட்டுருக்காங்களே" என்று அழுவார்கள், முகம் வேறு உப்பிவிடும். திருப்பும் முன்பே உட்கார வைத்துப் பேசியிருந்தால் இந்த அழுகையில் பாதி இருக்காது.

டிரிப்ஸ் விஷயத்துக்கு வருவோம். நம் ஊரில் ‘ரெண்டு பாட்டில் ஏத்துனா தெம்பு வந்துடும்’ என்பது கிட்டத்தட்ட மத நம்பிக்கை. 2011-இல் உகாண்டா, கென்யா, தான்சானியாவில் காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குறைந்து வந்த 3,141 குழந்தைகளை வைத்து ஃபீஸ்ட் ஆய்வு நடந்தது. வேகமாகத் திரவம் ஏற்றப்பட்ட குழந்தைகளுக்கு முதல் ஒரு மணி நேரத்தில் அதிர்ச்சி நிலையின் (ஷாக்) அடையாளங்கள் சீக்கிரம் மறைந்தன. 48 மணி நேரத்தில் இறந்தது அவர்களில் ஏறத்தாழ 10.5 சதவீதம், அப்படி வேகமாக ஏற்றாத குழந்தைகளில் 7.3. ஜாம்பியாவில் செப்சிஸோடு ரத்த அழுத்தம் விழுந்த பெரியவர்களிடம் 2017-இல் வந்த முடிவும் இதே திசைதான்: ஆரம்பத்திலேயே நிறையத் திரவம் கொடுத்த பக்கம் 48.1 சதவீத இறப்பு, வழக்கமான சிகிச்சைப் பக்கம் 33. அங்கே பெரும்பாலோருக்கு எச்ஐவி இருந்தது, அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. வயிற்றுப்போக்கில் வற்றிப்போனவருக்குத் திரவம் கொடுக்காதே என்றும் இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் வென்டிலேட்டர் வசதி இல்லாத இடத்தில், ரத்த அழுத்தம் 90-ஐத் தொட்டதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு மூன்றாவது பாட்டிலை மாட்டுகிறவர் கொஞ்சம் நிதானிக்க இது போதும்.

சர்க்கரையும் இதே கதை. 2009-இல் 6,104 ஐசியூ நோயாளிகள் கலந்த நைஸ்-சுகர் ஆய்வில் இன்சுலினால் 81-க்கும் 108-க்கும் நடுவே இறுக்கிப் பிடித்தவர்களில் 27.5 சதவீதம் பேர் இறந்தார்கள், 180 வரை விட்டவர்களில் 24.9. அவ்வளவுதான்.

இனி நம்ம ஊர் நோய். பண்ருட்டி முந்திரிக்காடு, குறிஞ்சிப்பாடி நெல், நெல்லிக்குப்பம் கரும்பு என்று சுற்றிலும் விவசாயம். பூச்சிமருந்து பாட்டில் வீட்டு மூலையில் இருக்கும். ‘மருந்து குடிச்சிட்டாங்க’ என்று வருகிறவர்களில் ஆர்கனோபாஸ்பேட் என்ற பூச்சிமருந்து வகையைக் குடித்த கேஸ் இங்கே புதுசு இல்லை. வீட்டிலேயே உப்புத் தண்ணி, சோப்புத் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பூச்சிமருந்தில் கலந்திருக்கிற எண்ணெய்க் கரைப்பான் நுரையீரலுக்குள் போய்விடும். துணியைக் கழற்றி, கையுறை போட்டு, சோப்பால் உடம்பைக் கழுவி, இடது பக்கமாகச் சாய்த்துக் கொண்டுவாருங்கள். பாட்டிலையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துவாருங்கள். எல்லாப் பூச்சிமருந்தும் ஒன்றல்ல.

இதற்கான மருந்து அட்ரோபின், விலை மலிவு. ஒரு ஆம்பியூலில் 0.6 மி.கி. முதல் டோஸ் 3 மி.கி. என்றால் 5 ஆம்பியூல். ஐந்து நிமிடத்தில் மாற்றம் இல்லையா, இரட்டிப்பாக 10. அப்புறமும் இல்லையா, 20. மூன்று தடவையில் 35 ஆம்பியூல், 21 மி.கி. நெஞ்சில் சளிச் சத்தம் நின்று தெளிந்ததும் அந்த மொத்தத்தில் 10 முதல் 20 சதவீதத்தை, அதாவது 2 முதல் 4 மி.கி.யை, ஒவ்வொரு மணி நேரமும் சிரிஞ்சு பம்பில் ஓடவிட வேண்டும். இரட்டிப்பாக்காமல் இடைவெளி விட்டு விட்டு ஊசி போடுகிற பழைய முறையையும் இந்த இரட்டிப்பு முறையையும் வங்கதேசத்துச் சிட்டகாங்கில் ஒப்பிட்டார்கள். 2012-இல் வந்த முடிவு: பழைய முறையில் 22.5 சதவீத இறப்பு, இரட்டிப்பில் 8.

எண் இங்கேயும் ஏமாற்றும். நாடித்துடிப்பு 120 ஆனதும் ‘அட்ரோபினைஸ் ஆயிடுச்சு’, அதாவது மருந்து போதுமான அளவு ஏறிவிட்டது என்று நிறுத்திவிடுவார்கள். பார்க்க வேண்டியது ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கிற நுரையீரல், அக்குளின் ஈரம். நெஞ்சு களகளவென்று இருக்கும்வரை துடிப்பு எவ்வளவு இருந்தாலும் மருந்து போதவில்லை. ஒரு பக்கம் அடியில் மட்டும் சத்தம் கேட்டால் வாந்தி உள்ளே போயிருக்கலாம், அதைத் துரத்தி அட்ரோபினை ஏற்றிக்கொண்டே போனால் ஆள் பிதற்றுவார், காய்ச்சல் வரும், குடல் சத்தம் நின்றுபோகும்.

டியூப் போடும்போது தசையைத் தளர்த்துகிற ஸ்கோலின் வேண்டாம். பத்து நிமிடத்துக்குள் தெளிய வேண்டிய மருந்து அது. அதை உடைக்கிற நொதியையே விஷம் முடக்கிவைத்திருப்பதால் மணிக்கணக்கில் தசை செயலற்றுக் கிடக்கும்.

விஷம் இறங்கிவிட்டது, பேசுகிறார், நாளைக்கு வார்டுக்கு அனுப்பலாம் என்கிற இரண்டாம் மூன்றாம் நாளில்தான் கழுத்து தளரும். 24 முதல் 96 மணி நேரத்துக்குள் வருகிற இந்தத் தளர்ச்சியை இலங்கை மருத்துவர்கள் 1987-இல் பதிவு செய்தார்கள். ஒவ்வொரு ஷிஃப்டிலும் சிஸ்டர் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "தலையணையிலிருந்து தலையைத் தூக்குங்க." தூக்க முடியவில்லை என்றால் அடுத்து நிற்கப்போவது மூச்சு. முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் இருக்கும்போது மூச்சு பாதியாகக் குறைந்தாலும் சாச்சுரேஷன் 98-ஐவிட்டு இறங்காது. உள்ளே கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டிருக்கும். எண் இறங்கும்போது கைக்கு மீறியிருக்கும். (அந்த விரல் கிளிப் கறுப்புத் தோலில் உண்மையைவிடக் கூட்டிக் காட்டுகிறது என்று 2020-இல் அமெரிக்காவில் கண்டார்கள். நம் தோல் நிறத்துக்கும் அது யோசிக்க வேண்டிய விஷயம்.)

விஷம் முடக்கிய நொதியை மீட்கக் கொடுக்கிற பாம் (பிராலிடாக்சைம்) ஊசிதான் தீராத வழக்கு. 2009-இல் வந்த இலங்கை ஆய்வில் பாம் கொடுத்தவர்களுக்கு ரத்தத்தில் விஷம் முடக்கிய நொதி மீண்டும் வேலை செய்யத் தொடங்கியது, லேப் ரிப்போர்ட் அழகாக இருந்தது. ஆனால் இறப்பு குறையவில்லை. 2006-இல் மகாராஷ்டிரத்துப் பாராமதியில் 200 பேரிடம், அதிக அளவில் தொடர்ந்து கொடுத்துப் பார்த்ததில் பலன் இருந்தது. எந்த மருந்து குடித்தார், எத்தனை மணி நேரத்தில் வந்தார் என்பதைப் பொறுத்து விடை மாறலாம். இதை லண்டனிலோ பாஸ்டனிலோ யாரும் தீர்த்துத் தரப்போவதில்லை. அங்கே இந்த நோயாளி இல்லை. கோரிமேட்டில் ஜிப்மர், சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி, சுற்றிலும் தனியார் கல்லூரிகள் என்று நாற்பது ஐம்பது மைலுக்குள் இத்தனை ஐசியூ இருக்கிற ஊர் இது. எல்லாம் சேர்ந்து இங்கேயே ஆய்வு செய்து பார்க்கலாம். கடுமையான உண்ணிக் காய்ச்சலுக்கு (ஸ்க்ரப் டைஃபஸ்) அப்படித்தான் இந்தியாவின் 7 மையங்கள் சேர்ந்து 800 பேரிடம் பார்த்து, டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்த்துக் கொடுப்பதே மேல் என்று 2023-இல் சொன்னார்கள்.

தடையாக நிற்பது கருவி இல்லை, கையெழுத்து. ‘ஆராய்ச்சி’ என்றதும் ‘எங்க அப்பா என்ன எலியா’ என்று கேட்கிறார்கள். கேட்பது நியாயம்தான். நன்றாகக் கேளுங்கள்: நெறிமுறைக் குழு அனுமதி உண்டா, சிடிஆர்ஐ (இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு எண் என்ன, எங்களுக்குத் தமிழில் ஒரு பிரதி தருவீர்களா, பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது, நடுவில் விலகினால் கவனிப்பு குறையுமா. மயக்கத்தில் இருப்பவருக்காக வீட்டார் கையெழுத்திட்டாலும், தெளிந்ததும் அவரிடம் மறுபடி கேட்க வேண்டும். இதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறவரிடம் கையெழுத்துப் போடலாம். ஆய்வின் இரண்டு பக்கத்திலும் கொடுக்கப்படுவது இன்று வெவ்வேறு ஆஸ்பத்திரிகளில் வழக்கத்தில் இருக்கிற சிகிச்சையாக இருந்தால் பயமும் பாதி குறையும். யாரும் கையெழுத்திடவில்லை என்றால் இன்று ராத்திரி பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வருகிற ஆளுக்குப் பாம் எவ்வளவு, எத்தனை நாள் என்பதை டூட்டி டாக்டர் தன் சீனியரிடம் பார்த்த பழக்கத்தை வைத்துத்தான் எழுதுவார்.