கொடுக்கிற வீட்டுக்கும் அதே ரசமட்டம்தான்

ஜூலை 18 நெருங்கினால் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் கட்டடத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் போன் வர ஆரம்பித்துவிடும். "அண்ணா, மண்டேலா நாளுக்கு வீடில்லாத ஒரு குடும்பத்துக்கு வீடு கட்டித் தரப்போறோம். மிச்சம் மீதி பெயிண்ட் இருக்கா? கழட்டின ஜன்னல் இருக்கா?" மண்டேலா பொதுவாழ்வில் செலவிட்ட 67 ஆண்டுகளுக்கு ஈடாக, அன்றைக்கு ஆளுக்கு 67 நிமிடம் பிறருக்காக உழைப்பது இந்த நாட்டு வழக்கம். எனக்கு மிகவும் பிடித்த வழக்கம். ஆனால் 67 நிமிடத்தில் ஒரு சுவருக்கு வண்ணம் அடிக்கலாம், அவ்வளவுதான். வீட்டுக்கு அஸ்திவாரம் வேண்டும், சுவரைச் சுற்றிக் கட்டிப் பிடிக்கும் கான்கிரீட் பெல்ட் வேண்டும், கூரையை இழுத்துக் கட்டத் தெரிந்த தச்சர் வேண்டும். அதைத்தான் யாரும் கேட்பதில்லை.

நான் விருதுநகர் பக்கத்திலிருந்து இங்கே வந்து பதினாறு வருடம் ஆகிறது. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு சின்ன கான்ட்ராக்டரிடம் சைட் சூப்பர்வைசர். 2022 ஏப்ரலில் பெய்த பேய்மழையை இந்த ஊர்க்காரர்கள் மறக்க மாட்டார்கள். இந்த மாகாணத்தில் நானூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். சரிவுகளில் இருந்த தகர வீடுகள் மண்ணோடு சேர்ந்து கீழே போயின. ஜனங்கள் சமுதாயக் கூடங்களில் பாய் விரித்துப் படுத்தார்கள். மாதக் கணக்கில் அங்கேயே கிடந்தவர்களும் உண்டு.

அப்போது எங்கள் பக்கத்து கான்ட்ராக்டர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, ஒரு ஜூலு பாட்டிக்கும் அவர் பேரப்பிள்ளைகளுக்கும் வீடு கட்டுவதென்று முடிவு செய்தோம். ஒருவர் மணல், ஒருவர் பிளாக், ஒருவர் கூரைத் தகடு. ஒரு கடைக்காரர் முப்பது மூட்டை சிமெண்ட் அனுப்பினார். இறக்கும்போதே எனக்குச் சந்தேகம். மூட்டை ஓரத்தை அழுத்தினால் உள்ளே கல் மாதிரி இருந்தது. ஒன்றைக் கிழித்துக் கொட்டினேன். தேங்காய் அளவு கட்டிகள். கையால் நசுக்கினால் உடையவில்லை. நம்ம கொத்தனார் ஒருவர், "சலிச்சுட்டுப் பூச்சு வேலைக்குப் போட்டுக்கலாம்ணே, தானமா வந்ததுதானே" என்றார். அந்த "தானமா வந்ததுதானே" இன்றுவரை என் மனதில் உறுத்துகிறது. காசு கொடுத்து வீடு கட்டுகிற டாக்டர் வீட்டில் அந்த மூட்டையை இறக்கியிருப்போமா? திருப்பி அனுப்பினோம். முதலாளி தன் காசில் புது சிமெண்ட் வாங்கினார். நான்கு நாள் தாமதம். பாட்டியை நாங்கள் எல்லாரும் கோகோ என்றுதான் கூப்பிடுவோம், ஜூலு மொழியில் அதுதான் பாட்டி. கோகோவிடம் தாமதத்துக்குக் காரணம் சொன்னபோது, "நல்லதாகவே போடுங்கள், நான் காத்திருக்கிறேன்" என்றார்.

இந்த நாட்டில் வீட்டைக் காசு கொடுத்து வாங்குகிறவருக்கு 1998-ல் வந்த சட்டத்தின் பாதுகாப்பு இருக்கிறது. பில்டர் பதிவு செய்திருக்க வேண்டும். கூரை ஒழுகினால் ஒரு வருடத்துக்கும், கட்டமைப்பில் பெரிய கோளாறு வந்தால் ஐந்து வருடத்துக்கும் அவர்தான் பொறுப்பு. தானமாக வீடு பெறுகிறவருக்கும் அதே பொறுப்பை நாம் ஏற்க வேண்டும் என்பதுதான் என் வாதம். ஐந்து வருடம் கழித்து அந்தச் சுவரில் விரிசல் விட்டால் அந்தக் குடும்பத்திடம் சரிசெய்யக் காசு இருக்காது. அப்படிப் பார்த்தால் அந்த வீட்டில்தான் இன்னும் கவனமாக வேலை செய்ய வேண்டும்.

இதெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டிய வேலைதானே என்று கேட்பார்கள். சரி, அரசியல் சட்டத்தின் 26-வது பிரிவே வீட்டு வசதியை உரிமை என்கிறது. ஐரீன் க்ரூட்பூம் என்ற பெண்மணி வழக்குப் போட்டு, 2000-ல் அரசியல் சட்ட நீதிமன்றத்தில் வென்றார். உலகமே பேசிய தீர்ப்பு. 2008-ல் அவர் இறந்தபோதும் தகரக் குடிசையில்தான் இருந்தார். உரிமையைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மழைக்கு அரசாங்க வீட்டுக்காகக் காத்திருக்கும் வரிசையும் தெரியாது, தீர்ப்பும் தெரியாது.

முறையாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். நயல் மெலன் என்ற அயர்லாந்து கட்டடத் தொழிலதிபர் 2002-ல் கேப்டவுன் பக்கம் இமிசாமோ யெதுவில் தொடங்கினார். அயர்லாந்திலிருந்து கொத்தனார், தச்சர், பிளம்பர், எலக்ட்ரீஷியன் எல்லாரும் விமானம் ஏறி வந்து, ஒரு வாரம் உள்ளூர் ஆட்களோடு சேர்ந்து வேலை செய்தார்கள். வருடா வருடம் வந்தார்கள். அதே 2002-ல் நம்ம டர்பனிலேயே, முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் முன்நின்ற, வீடு கட்டித்தரும் தொண்டு நிறுவனமான ஹாபிடட்டின் திட்டத்தில் ஒரே வாரத்தில் நூறு வீடுகள் எழும்பின. இரண்டிலும் நான் கவனித்தது, கொடுத்தவர்கள் மிச்சப் பொருளைக் கொடுக்கவில்லை. தொழில் தெரிந்தவர் தன் கையைக் கொடுத்தார். தொழில் தெரியாதவர் தெரிந்தவரின் கண்பார்வையில் வேலை செய்தார்.

நமக்கும் இது புதிதில்லை. இங்கே பிறந்த தமிழர்களைக் கேளுங்கள். இந்தியப் பிள்ளைகளுக்குப் போதுமான பள்ளிகளை அன்றைய அரசு கட்டித்தராத காலத்தில், கரும்புத் தோட்டத்தில் உழைத்தவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் காசு சேர்த்து, தாங்களே செங்கல் சுமந்து பள்ளி கட்டினார்கள். எங்கள் முதலாளியின் தாத்தா அப்படி ஒரு பள்ளிக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் கொத்து வேலை செய்தவர். அவர் கரணை இன்னும் ஆபீஸ் சுவரில் தொங்குகிறது.

கோகோ வீட்டுக்கு வருகிறேன். நாற்பது சதுர மீட்டர், இரண்டு படுக்கையறை. மேட்டிலிருந்து வரும் தண்ணீர் சுவரில் மோதாமல் இருக்கப் பின்பக்கம் வடிகால் வெட்டினோம். முதல் வரிசை பிளாக்குக்கு அடியில் ஓதம் ஏறாமல் இருக்க கறுப்பு பிளாஸ்டிக் விரித்தோம். கூரைக் கட்டையைப் பிடித்துக்கொள்ளும் இரும்புப் பட்டையைச் சுவருக்குள் பல வரிசை கீழிருந்தே புதைத்து ஏற்றினோம். வீடு முடிந்ததும் இதில் ஒன்றுகூட வெளியே தெரியாது. யாரும் இதன் முன்னால் நின்று போட்டோ எடுக்கவும் மாட்டார்கள். போன மழைக்காலத்தில் ஒரு நாள் ராத்திரி காற்று ஊளையிட, விடிந்ததும் முதல் வேலையாகப் போய்ப் பார்த்தேன். உள் சுவர் முழுக்கக் கையை வைத்துத் தடவினேன். காய்ந்திருந்தது. கோகோ எனக்கு டீ போட்டுக் கொடுத்தார்.

இந்த வருடம் இரண்டு வீடு எடுத்திருக்கிறோம். பெயிண்டும் ஜன்னலும் வந்துவிட்டன, நன்றி. அஸ்திவாரத்துக்கு நான்கு நாள் நிற்கக்கூடிய கொத்தனார் மூன்று பேர், கூரைத் தச்சர் இரண்டு பேர், பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவர் வேண்டும். தெரிந்தவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள், காலை ஆறரைக்கு பாக்கியில் (இங்கே பிக்கப் வண்டியை அப்படித்தான் சொல்வார்கள்) வந்து ஏற்றிக்கொள்கிறேன்.