கடல் எந்தப் பக்கம்?

நம் சைக்கிள் குழுக்களில் யாராவது புதுப் பாதையைப் பற்றி வாயைத் திறந்தால் போதும், அடுத்த நிமிடமே கேள்வி வந்து விழும்: "ஜிபிஎக்ஸ் ஃபைல் இருக்கா அண்ணே?" (பாதையைப் பதிந்து வைத்த ஃபைல் அது.) மேடு எவ்வளவு, தண்ணி எங்கே கிடைக்கும், லோரி ஓடுகிற சடக்கா (ரோடா) என்று யாரும் கேட்பதில்லை. ஃபைல் கைக்கு வந்தால் பாதையே கைக்கு வந்துவிட்ட மாதிரி ஒரு நினைப்பு. மறுநாள் விடியற்காலையில் கைப்பிடியில் மாட்டிய சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டே போய், பார்த்துக்கொண்டே திரும்பி வந்துவிடுவார்கள். எந்த ஊர் வழியாகப் போனீர்கள் என்று கேட்டால் கிலோமீட்டரும் சராசரி வேகமும்தான் பதிலாக வரும்.

எனக்கு இதில் உடன்பாடில்லை. வழிகாட்டுகிற கார்மின் கருவியைத் தூக்கிப் போடு, போனை வீட்டில் வை என்று சொல்கிற ஆள் இல்லை நான். என் சைக்கிளிலும் ஒன்று இருக்கிறது. முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து பாதையைப் படிப்பதற்கு அது நல்லது. ரோட்டில் நிஜமாகவே குழம்பிப் போனால் எடுத்துப் பார்ப்பதற்கும் நல்லது. இடைப்பட்ட நேரத்தில் வழி நம் தலைக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

மலேசியாவின் பினாங்குத் தீவையே எடுத்துக்கொள்வோம். ஒரு சுற்று 70 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட வரும். ஜார்ஜ்டவுனிலிருந்து பத்து ஃபிரிங்கி வழியாகக் கிளம்பினால் கடல் வலக்கைப் பக்கம், மலை இடக்கைப் பக்கம். சுற்று முடியும்வரை அப்படியேதான். பாயான் லெப்பாஸ் வழியாக எதிர்த்திசையில் கிளம்பினால் இது தலைகீழ். இவ்வளவு தெரிந்தாலே பாதித் தொல்லை போயிற்று. மீதித் தொல்லை, கடல் கண்ணுக்கு மறைகிற இடங்களில்.

முதலில் மறைவது தெலுக் பாஹாங்கில். அங்குள்ள ரவுண்டபௌட்டில் நேராகப் போனால் மீனவர் கம்பம் (கிராமம்), தேசியப் பூங்காவின் வாசல், அத்தோடு ரோடு முடிந்தது. வரைபடத்தைப் பெரிதாக்காமல் பார்த்தால், கடலோரமாகவே போய் பாலிக் பூலாவைப் பிடித்துவிடலாம் என்று ஆசை வரும். நடக்காது. அந்த மூலை முழுக்கக் காடு, நடந்து போகிற தடம்தான் உண்டு. ரவுண்டபௌட்டில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். வண்ணத்துப்பூச்சிப் பண்ணை, அப்புறம் 1999இல் கட்டி முடித்த அணை, அதற்கு மேல் ஏற்றம். மரங்கள் தலைக்கு மேல் கூடிக்கொள்ளும். வானம் சரியாகத் தெரியாத இடத்தில் ஜிபிஎஸ் புள்ளி ரோட்டை விட்டுப் பள்ளத்தில் இறங்கி நடை போடும். ஆனால் தித்தி கெராவாங் அருவிவரை வழி தவற ஆள் ரொம்பவே மெனக்கெட வேண்டும், அது ஒரே ரோடு. அங்கே தெரிய வேண்டியது ஏற்றம் எங்கே முடியும், கையில் தண்ணி எவ்வளவு என்பதுதான். ஏற்றம் முடிகிற இடத்தைத் திரை சொல்லும், ஆனால் கால் வலிக்க ஆரம்பித்த பிறகு சொல்லும்.

தெலுக் கும்பார் சந்திப்பு வேறு மாதிரி. பாலிக் பூலாவிலிருந்து கெந்திங் மேட்டைத் தாண்டி இறங்கி வருகிறவர்களுக்கு, ரொம்ப நேரம் கழித்துக் கடல் எதிரே தெரியும். அந்தக் குஷியில் வலப்பக்கம் திரும்பி விடுகிறவர்கள் உண்டு. அது கெர்த்தாக் சங்குல் போகிற வழி. மீன்பிடிப் படகுகள் கட்டிக் கிடக்கிற இடத்தில் ரோடு முடிந்துவிடும், வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். நம்முடைய பழைய கணக்கைப் போட்டுப் பாருங்கள்: வலப்பக்கம் திரும்பினால் கடல் இடக்கைக்கு மாறிவிடுகிறது. இடப்பக்கம் திரும்பினால்தான் கடல் வலக்கையில் நிற்கிறது, அதுதான் பாயான் லெப்பாஸ் வழி. திரையும் இதைச் சொல்லத்தான் செய்யும். மழையில் நனைந்த திரையை விரலால் தேய்த்து, அது தானாக வேறெங்கோ நகர்ந்து, அதைத் திரும்ப இழுத்துக்கொண்டு வருவதற்குள் தலை சொல்லிவிடும்.

அதனால் புதுப் பாதை என்றால் நான் முதலில் பார்ப்பது ரோடு எங்கே செத்துப் போகிறது என்பதை. தீவின் மேற்குப் பக்கத்தில் பூலாவ் பெத்தோங்கும் அப்படித்தான், கடலோரக் கம்பத்தோடு முடிந்துவிடும். (முடிகிற ரோடுகள் எனக்குப் பிடிக்கும் என்பது வேறு விஷயம். அங்கே அவசரக்காரர்கள் வருவதில்லை.) அடுத்துப் பார்ப்பது, நம்மை விடாத ரோடுகள். பினாங்குப் பாலம் 1985இல் திறந்தது, 13.5 கிலோமீட்டர். இரண்டாவது பாலம் 2014இல் திறந்தது, 24 கிலோமீட்டர். இரண்டிலும் சைக்கிளுக்கு இடமில்லை. பெருநிலத்துப் பட்டர்வொர்த்திலிருந்து தீவின் ஜார்ஜ்டவுனுக்கு ஓடுகிற ஃபெரி ஒன்றுதான் நமக்குக் கதி. இரண்டாவது பாலம் தொடங்குகிற பத்து காவான் கரையில் நின்றால் தீவு கூப்பிடு தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும். ஆனால் சைக்கிள்காரன் வடக்கே பட்டர்வொர்த்வரை மிதித்து, ஃபெரி ஏறி, மறுபடி தெற்கே மிதித்தால்தான் எதிர்க்கரை. கோலாலம்பூரிலிருந்து வருகிற நண்பர்கள் பத்து காவானில் அறை எடுத்துவிட்டு, "காலையில தீவைச் சுத்திடலாம்" என்று செய்தி அனுப்பும்போது எனக்குச் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும்.

மூன்றாவது, ரோடு மாதிரி தெரிந்தும் ரோடு அல்லாதவை. தாவரவியல் பூங்கா வாசலிலிருந்து பினாங்கு மலைக்கு ஏறுகிற ஜீப் பாதையைப் பாருங்கள். வரைபடத்தில் சாதுவான ஒரு கோடு, 5 கிலோமீட்டர்ச் சொச்சம். அதற்குள் 600 மீட்டருக்கு மேல் உயர வேண்டும். இறங்கும்போது பிரேக் சூடாகி ரப்பர் வாசனை அடிக்கும். கோடு பாம்பு மாதிரி நெளிந்தால் மேடு, ஆற்றை ஒட்டியே போனால் தட்டை. இவ்வளவு படித்துக்கொண்டால் ஓரளவு தப்பித்துவிடலாம். ஸ்ட்ராவா செயலியின் ஹீட்மேப் வரைபடத்தையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. பளிச்சென்று எரிகிற கோடு என்றால் நிறையப் பேர் போயிருக்கிறார்கள், சரி. அவர்களில் முக்கால்வாசிப் பேர் ஞாயிற்றுக்கிழமை விடியலில் கூட்டமாகப் போனவர்கள். திங்கட்கிழமை பத்து மணிக்கு அதே ரோட்டில் மணல் லோரி எப்படி ஓடும் என்பதை அது சொல்லாது.

திசை. இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பேச வரும். நண்பர்கள் சலித்துக்கொள்வார்கள், இருந்தாலும் சொல்கிறேன்.

சூரியனை வைத்துத் திசை பார்க்கலாம் என்பார்கள். காலை ஒன்பது மணிவரை சரி. பினாங்கு பூமத்தியரேகைக்கு வடக்கே 5 பாகையில்தான் இருக்கிறது. மத்தியானத்தில் சூரியன் மண்டைக்கு நேர் மேலே நிற்கும், நிழல் சைக்கிளுக்கு அடியிலேயே சுருண்டு கிடக்கும். ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் தொடக்கம்வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும் என்பதும் பலருக்குத் தெரியாது. "நிழல் வடக்கே விழும்" என்று எங்கோ படித்ததை நம்பினால் மே மாதத்தில் மாட்டிக்கொள்வோம்.

ஆனால் ஊருக்குள் திசைகாட்டிகளுக்குப் பஞ்சமே இல்லை. மசூதி, சூராவ் (சின்னத் தொழுகை இடம்), எதுவானாலும் தொழுகிற திசை இங்கே மேற்கு, கொஞ்சம் வடக்கே சாய்ந்து. முஸ்லிம் மையவாடியில் கல்லறைகள் எல்லாம் ஒரே வாக்கில் வரிசையாக இருப்பதும் அதே கணக்கில்தான். நம் கோயில்களில் பெரும்பாலானவை கிழக்கு பார்த்தவை. ஒரு சூராவும் ஒரு மாரியம்மன் கோயிலும் கண்ணில் பட்டால் போதும், நாலு திசையும் வந்துவிடும். இரண்டும் இல்லாத தாமான் (குடியிருப்பு) வீடுகளுக்குள் மாட்டிக்கொண்டீர்களா? அங்கேதான் எல்லா லோரோங்கும் (சந்தும்) ஒரே மாதிரி இருந்து உயிரை வாங்கும். கூரையைப் பாருங்கள். ஆஸ்ட்ரோ டிவி தட்டுகள் எல்லாம் ஒரே பக்கம் முகத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அவை பார்க்கிற மீசாட் செயற்கைக்கோள் 91.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் நிற்கிறது. பினாங்கிலிருந்து பார்த்தால் அது தென்மேற்கில், மேற்குப் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து, வானத்தில் நல்ல உயரத்தில். மாதக் கட்டணம் கட்டாமல் நிறுத்திய வீடுகளில்கூடத் தட்டு அதே திசையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

செம்பனைத் தோட்டம் என்றால் இந்த வித்தை எதுவும் எடுபடாது. செபராங் பிறை தென்பகுதியில், நிபோங் திபால், சுங்கை பாக்காப் பக்கம் உள்ளே நுழைந்துவிட்டால் எல்லாச் சந்தும் ஒன்றுதான். செயலியில் அது ரோடு என்றுதான் காட்டும். போய்ப் பார்த்தால் கம்பிக் கேட்டும் பூட்டும். தோட்டத்து முனைகளில் சின்னப் பலகை நட்டிருப்பார்கள். பிளாக் எண், மரம் நட்ட வருஷம், எத்தனை ஹெக்டர் என்று எழுதியிருக்கும். அந்த எண் கூடுகிறதா குறைகிறதா என்று பார்த்துக்கொண்டே போனால் சுற்றிச் சுற்றி வராமல் இருக்கலாம். அதையும் விட நல்ல வழி, ஆளைக் கேட்பது.

கேட்பதிலும் முறை இருக்கிறது. "இது பாலிக் பூலாவ் போற வழிதானே?" என்று கேட்கக் கூடாது. நம் நாட்டு மக்கள் மரியாதைக்காரர்கள். மூச்சு வாங்க நிற்கிறவனிடம் இல்லை என்று சொல்ல மனசு வராமல் ஆமாம் என்று தலையாட்டிவிடுவார்கள். "பாலிக் பூலாவ் எந்தப் பக்கம்?" என்றுதான் கேட்க வேண்டும். மலாய்க்காரப் பெரியவர் விரலை நீட்டாமல், கையை மடக்கிக் கட்டைவிரலால் காட்டுவார், அதைக் கவனிக்க வேண்டும். "டெபான் சிக்கிட்" (கொஞ்சம் முன்னால்) என்றால் 500 மீட்டராகவும் இருக்கலாம், அடுத்த ஊராகவும் இருக்கலாம். மோட்டாரில் போகிறவரிடம் மேடு உண்டா என்று கேட்டுப் பிரயோஜனமில்லை, அவருக்கு எல்லாமே தட்டைதான். கேட்க வேண்டியவர் ரொட்டிக்காரர். மோட்டார் நிறைய ரொட்டியும் கச்சானும் தொங்கவிட்டு, ஹாரனை அழுத்திக்கொண்டு லோரோங் லோரோங்காகப் போகிற பாய்க்குத் தெரியாத முட்டுச்சந்து கிடையாது. அடுத்தபடி தபால்காரர், கேஸ் தோம்பு (சிலிண்டர்) போடுகிறவர்.

சுங்கை பாக்காப் பக்கம் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டேன்.

"ஐயா, பெரிய சடக்குக்கு எந்தப் பக்கம் போகணும்?"

"சைக்கிள்லயா வந்தீங்க?"

"ஆமாங்கய்யா."

"அப்ப கோயில் வழியா போகாதீங்க தம்பி, ராத்திரி பெஞ்ச மழையில பாலத்துக்கிட்ட சேறு. இப்படியே ஒரு கட்டை போங்க, பழைய பள்ளிக்கூடம் வரும், அங்க சோத்துக்கைப் பக்கம் திரும்புங்க."

சொன்னபடி ஒரு மைல் போனேன். பள்ளிக்கூடம் வரவில்லை, புதர் மண்டிய ஒரு திடலும் கொடிக்கம்பமும் வந்தன. அதுதான் அவர் சொன்ன பள்ளிக்கூடம். எப்போதோ மூடிவிட்டார்கள்போல, அவருக்கு அது இன்னும் அங்கேயே இருக்கிறது. திரும்பினேன், சடக்கு வந்தது. ராத்திரி மழையில் பாலத்தருகே சேறு என்பதை எந்தச் செயலி எனக்குச் சொல்லியிருக்கும்?

ஜார்ஜ்டவுனிலும் இப்படித்தான். பலகையில் ஜாலான் மஸ்ஜிட் நெகிரி என்றிருக்கும், கேட்டால் கிரீன் லேன் என்பார்கள். ஜாலான் சுல்தான் அஹ்மட் ஷா என்றிருக்கும், பெரியவர்களுக்கு அது நோர்தம் ரோடு. இரண்டு பெயரையும் தெரிந்து வைத்துக்கொண்டு போவது உத்தமம். (பினாங்கிலேயே அதிகம் படம் பிடிக்கப்பட்ட சைக்கிள், 2012இல் எர்னெஸ்ட் சக்கரேவிச் வரைந்த சுவரோவியத்தில் இருப்பது. அதற்கு வழி தேட வேண்டிய கவலையே இல்லை.)

கோலாலம்பூரைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. அங்கே சிக்கல் வேறு. எதிரே தெரிகிற கட்டடத்துக்கும் நமக்கும் நடுவே நெடுஞ்சாலை ஒன்று குறுக்கே கிடக்கும். பச்சைப் பலகை வந்தால் அது டோல் போடுகிற நெடுஞ்சாலை, நம் வழி நீலப் பலகையில் என்பதுதான் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது. அந்த ஊரில் ஜெஃப்ரி லிம் என்பவர் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொண்டு, சைக்கிளில் சுற்றிச் சுற்றியே ஒரு சைக்கிள் வரைபடம் தயாரித்தார். எனக்கு அந்த வேலைமீது பெரிய மரியாதை உண்டு. பினாங்குக்கும் அப்படி ஒன்றைப் போட நம் குழுக்களில் ஆள் இல்லாமலா போயிற்று? ஃபைல் அனுப்புவதற்கு மட்டும் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

கடைசியாகக் குழுவாகப் போவது பற்றி. "லீடரைப் பின்தொடருங்கள்" என்று சொல்லிவிட்டு, லீடர் 35 கிலோமீட்டர் வேகத்தில் பறந்துவிடுகிற கூத்தை நிறையப் பார்த்தாயிற்று. பின்னால் வருகிற புதியவர் சந்திப்பில் நின்று போனைத் தடவிக்கொண்டிருப்பார். நாங்கள் வேறு மாதிரி செய்கிறோம். ஒவ்வொரு திருப்பத்திலும் லீடருக்கு அடுத்து வருகிறவர் நின்றுவிட வேண்டும். எல்லாரும் கடந்து, கடைசி ஆளும் திரும்பிய பிறகுதான் அவர் கிளம்பலாம். அடுத்த திருப்பத்தில் வேறொருவர். வேகம் குறைகிறது என்று சிலர் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும். தெலுக் கும்பார் சந்திப்பில் மட்டும் புதிய ஆளைத்தான் நிறுத்துவோம். கால் மணி நேரம் அங்கே நின்று, வருகிற ஒவ்வொருவருக்கும் "இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று கை காட்டிவிட்டுத்தான் அவர் வர வேண்டும். அவருடைய தே தாரிக்குக்குக் (டீக்குக்) காசு கொடுப்பது கடைசியாக வந்த ஆள்.